நாய் நிற்கும் இடத்தில் நாமும் நிற்போம்

நேயர்களுக்கு வணக்கம். இங்கிலாந்தின் நாட்டிங்கம்ஷயரில் கிளம்பர் பார்க் என்றொரு பெரிய எஸ்டேட் இருக்கிறது. சுமார் 3,800 ஏக்கர். முன்பு நியூகாசில் கோமகன்களின் சொத்து. மாளிகையை 1938-இல் இடித்துவிட்டார்கள். காடும் ஏரியும், இரண்டு மைலுக்கு மேல் நீளும் லிண்டன் மரச்சாலையும் 1946-இல் நேஷனல் டிரஸ்ட் வசம் வந்தன. பழைய மாளிகைகளையும் இயற்கை இடங்களையும் பாதுகாக்கும் அமைப்பு அது. என் நாயும் நானும் ஓயாமல் சுற்றுகிற இடம் இந்த எஸ்டேட்.

கிளம்பர் ஸ்பானியல் என்ற நாயினத்துக்குப் பெயர் தந்ததும் இந்த எஸ்டேட்தான். வெள்ளை உடம்பு, ஆங்காங்கே எலுமிச்சை நிறத் திட்டு, கனத்த தலை, அவசரமே இல்லாத நடை. பந்தயத்தில் விட்டால் கடைசியாகத்தான் வரும். புதருக்குள் தலையை நுழைத்து, மோப்பம் பிடித்து, பதுங்கியிருக்கும் பறவையைக் கிளப்பிவிடுவதுதான் அதன் வேலை.

இன்று நான் சொல்ல வந்ததும் அந்த மோப்பத்தைப் பற்றித்தான். நாயை நடக்கக் கூட்டிப்போகிறோம் என்கிறோம். நாய்க்கு அது நடையே அல்ல. என் நாய் கலப்பினம், பெரிய வம்சப் பெருமை எதுவும் கிடையாது. ஆனாலும் ஒரு வேலிக்கம்பத்தின் அடியில் நின்றுவிட்டால் நகராது. முதலில் தரையை ஒட்டி முகரும். பிறகு ஒரே ஒரு புல்லை அடியிலிருந்து நுனிவரை மூக்கால் தடவும். மறுபடி அடிக்கே வரும். அப்போது அதன் மூக்கைக் குனிந்து பாருங்கள். மூச்சை உள்ளே இழுப்பது முன்பக்கத் துளை வழியாக. விடுவது பக்கவாட்டுப் பிளவு வழியாக. வெளிவரும் காற்று முன்னாலிருக்கும் வாசனையைக் கலைக்காது. எவ்வளவு நுட்பமான ஏற்பாடு! இதைப் பார்க்காமல் கயிற்றை வெடுக்கென்று இழுத்து, கைபேசியைப் பார்த்துக்கொண்டே போகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது.

“கயிற்றில் கட்டினால் நாய்க்குச் சுதந்திரம் ஏது?” என்று கேட்பவர்களுக்கும் இதுவே என் பதில். மோப்பத்துக்கு நேரம் கொடுங்கள். கயிறு அதற்குப் பெரிய குறையாகத் தெரியாது. இங்கிலாந்தில் 2000-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பொதுமக்கள் உலாவத் திறந்துவிட்ட நிலங்களில் மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை நாயை இரண்டு மீட்டருக்கு மேற்படாத கயிற்றில்தான் பிடித்திருக்க வேண்டும். காரணம், தரையில் முட்டையிடும் பறவைகள். கிளம்பரின் புதர்வெளிகளுக்கு வரும் பக்கிப் பறவை கூடே கட்டுவதில்லை. வெறுந்தரையில் முட்டையிட்டு, காய்ந்த சருகுபோல அதன்மேல் படுத்திருக்கும். நம் கண்ணுக்குத் தப்பிவிடும். நாய் மூக்குக்குத் தப்பாது.

அடுத்தது புல்வெளி. இது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். கிராமத்தில் வளர்ந்த நமக்கு எரு என்றாலே நல்லதுதான். நாய் மலமும் மண்ணுக்கு எருதானே என்று என்னிடம் வாதாடியவர்கள் உண்டு. ஆனால் பூக்கள் நிறைந்த பழைய புல்வெளிக்கு வேண்டியது வளமற்ற மண். மண் கொழுத்தால் முரட்டுப் புல்லும் காஞ்சொறி வகைகளும் தழைத்து, சின்னச் சின்னப் பூச்செடிகளை அமுக்கிவிடும். அப்படிப்பட்ட புல்வெளிகளில் 97 சதவீதத்தை 1930-களுக்குப் பிறகு இங்கிலாந்தும் வேல்ஸும் இழந்துவிட்டன. பெல்ஜியத்தின் கெண்ட் நகரை ஒட்டிய இயற்கைக் காப்பிடங்களில் ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். முடிவு 2022-இல் வெளியானது. நாய்களால் ஆண்டுக்கு ஹெக்டேருக்கு 11 கிலோ நைட்ரஜன், 5 கிலோ பாஸ்பரஸ் சேர்கிறது! மலத்தை எல்லோரும் அள்ளிவிட்டால் பாஸ்பரஸில் 97 சதவீதம் குறையும். நைட்ரஜன் பாதியளவுதான் குறையும். சிறுநீரை அள்ள முடியாதே. கயிற்றில் பிடித்தால் உரமெல்லாம் பாதையோரத்தில் குவியும் என்பதும் அதே ஆய்வில் இருக்கிறது. உண்மைதான். பாதையோரம் கெடட்டும், நடுப்புல்வெளி பிழைக்கட்டும் என்பது என் கட்சி.

ஆகவே அள்ளுங்கள். திரும்பவும் சொல்கிறேன், அள்ளுங்கள். அள்ளிப் பையில் கட்டி, அந்தப் பையை மரக்கிளையில் தொங்கவிட்டுப் போகிறார்களே, அது என்ன வேண்டுதலா? குப்பைத் தொட்டி கண்ணில் படவில்லை என்றால் வீட்டுக்குக் கொண்டுபோங்கள்.

கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். மாடுகளைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன். ஒன்றை மட்டும் சொல்கிறேன். மாடு துரத்தினால் கயிற்றை விட்டுவிடுங்கள். மாட்டின் கண் பெரும்பாலும் நாய்மேல்தான். நாய் ஓடித் தப்பிக்கும், நீங்கள் மெதுவாக வேலிப்பக்கம் போய்விடலாம். உண்ணி இருக்கிறதா என்று நடை முடிந்ததும் நாயின் காது மடலையும் கால்விரல் இடுக்கையும் தடவிப் பாருங்கள். நசுக்காதீர்கள், உண்ணி எடுக்கும் கொக்கி கடையில் கிடைக்கும். இலையுதிர் காலத்தில் காட்டில் நடந்து வந்த இரண்டு மூன்று நாளுக்குள் நாய் வாந்தி எடுத்தாலோ, வயிற்றுப்போக்கோடு சோர்ந்து படுத்தாலோ, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காமல் உடனே கால்நடை மருத்துவரை அழையுங்கள். காட்டில் நடந்ததையும் மறக்காமல் அவரிடம் சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.