திருகோணமலைக் கடைத்தெரு: இடித்த கடை எங்கே இருக்கிறது?

(காட்சி: கட்டடம் இடித்து வெறுமையாகக் கிடக்கும் ஒரு காணி. கமெரா பக்கத்துக் கட்டடத்தின் சுவரை நோக்கித் திரும்புகிறது.)

வணக்கம். கடைத்தெருவில் ஒரு பழைய கடையை இடித்துவிட்டார்கள் என்றால், வெறும் காணியைப் பார்க்காதீர்கள். பக்கத்துக் கடையின் சுவரைப் பாருங்கள். போன கட்டடத்தின் தடம் அதில் ஒட்டிக்கொண்டிருக்கும்.

சாய்வாக ஏறி இறங்கும் கோடு தெரிந்தால், அது ஓட்டுக் கூரை இருந்த இடம். வரிசையாகச் சதுரக் குழிகள் இருந்தால், அங்கே மேல்மாடியைத் தாங்கிய மர வளைகள் செருகப்பட்டிருந்தன. படிப்படியாக மேலே போகும் அழுக்குக் கோடு மாடிப்படி. பின்பக்கம் புகை படிந்த கறுப்பு இருந்தால் அது அடுப்படி. அப்படியென்றால் கடைக்காரர் குடும்பமும் அங்கேதான் குடியிருந்திருக்கிறது.

(காட்சி: முன்புறம் ஒடுங்கி, பின்னால் நீளும் கட்டடத்தின் வரைபடம்.)

பழைய கடைகள் ஏன் இவ்வளவு ஒடுக்கம்? தெருவைப் பார்த்த முகப்பு எல்லோருக்கும் வேண்டும். அதனால் முகப்பைக் குறுக்கி, பின்னால் நீளமாகக் கட்டினார்கள். முன்னால் விற்பனை, நடுவில் சரக்கு அறை, அதற்கும் பின்னால் வீடு, முற்றம், கிணறு. கரையோர ஊர்களில் முருகைக்கல்லும் (பவளப்பாறைக் கல்) சுண்ணாம்பும் தாராளமாகக் கிடைத்தன. சுவர்கள் தடிப்பாக எழுந்தன, உள்ளே வெக்கை குறைந்தது. கடைக்கு இரும்பு ஷட்டர் கிடையாது. பலகைகளை ஒவ்வொன்றாகத் தவாளிப்பில் இறக்கி அடைப்பார்கள். வரிசை மாறினால் பொருந்தாது என்பதால் பலகைகளில் எண் எழுதியிருக்கும்.

இடித்த குவியலில் ஓடுகள் கிடந்தால் ஒன்றைப் புரட்டிப் பாருங்கள். இந்தியாவின் மேற்குக் கரையிலிருந்து கப்பலில் வந்த ஓடுகளில் தொழிற்சாலையின் பெயர் அச்சாகியிருக்கும். கட்டடத்தின் வயதை அறிய அது ஒரு நல்ல தடயம்.

சரி, இந்தக் கடைத்தெரு யாரை நம்பி வளர்ந்தது? பெரும்பகுதி துறைமுகத்தை நம்பித்தான். 1927இல் ரயில் வந்தது. பிரித்தானியக் கடற்படைத் தளம் விரிந்தபோது மாலுமிகளும் தளத்தில் வேலை பார்த்தவர்களும் சம்பளப் பணத்தோடு நகருக்குள் வந்தார்கள். 1942 ஏப்ரல் 9ஆம் தேதி ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டபோது சனம் ஊரை விட்டு ஓடியது. பிறகு திரும்பியது, கடைகளும் திறந்தன. 1957 ஒக்டோபர் 15ஆம் தேதி தளம் இலங்கையிடம் வந்தது. மாலுமிகளின் பணம் நின்றது. என் கணிப்பில், பழைய கட்டடங்கள் பல அதற்குப் பின்னும் நீண்டகாலம் நின்றதற்கு இதுவே ஒரு காரணம்: இடித்துப் புதிதாகக் கட்டப் பலரிடம் காசு இருக்கவில்லை.

(காட்சி: மேல்மாடி ஜன்னல்கள். கீழே புதிய பெயர்ப்பலகைகள்.)

அப்புறம் எப்படிக் காணாமல் போயின? நெருப்பு முதலில். 1983 ஜூலையில் இங்கே கடைகள் எரிந்தன. 2006 ஏப்ரல் 12ஆம் தேதி சந்தையில் குண்டு வெடித்தது. அதைத் தொடர்ந்த வன்முறையில் மறுபடி எரிந்தன. உயிர் போன இடத்தில் கட்டடத்தைப் பற்றிப் பேச எவருக்கும் மனம் வராது, அது நியாயம். ஆனால் எரிந்த ஒவ்வொரு கடையிலும் ஒரு குடும்பத்தின் கணக்குப் புத்தகமும், கடன் கொடுத்த பெயர்களும், கல்யாணப் படங்களும் எரிந்தன என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததை உலகமே அறியும். அதே நாட்களில் அங்கே எரிந்த கடைகளின் பெயர்களை இன்று எத்தனை பேர் சொல்வார்கள்?

நெருப்புப் படாதவற்றை வாடகைச் சட்டம் மெதுவாகத் தின்றது. 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டம் பல வியாபார இடங்களின் வாடகையையும் கட்டுப்படுத்தியது. குடியிருப்பவருக்கு அது பாதுகாப்புத்தான். ஆனால் சொற்ப வாடகை வாங்கும் உரிமையாளர் எதற்கு ஓடு மாற்றப் போகிறார்? ஒழுக்கு விழுந்து, வளை உக்கி, கடைசியில் இடிப்பதுதான் வழி என்று ஆகிவிடும்.

போர் முடிந்தபின் பணம் வந்தது. 2009 ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறந்தது, 396 மீற்றர் நீளம். நீரைக் கடக்கப் படகுப் பாதைக்குக் காத்திருந்த கிண்ணியா மக்கள் நேரே பஸ்ஸில் நகருக்கு வந்தார்கள். நல்லதுதான், யாரும் அதை வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கூட்டம் கூட, வங்கிகளுக்கும் சுப்பர் மார்க்கெட்டுகளுக்கும் அகன்ற முகப்பு தேவைப்படுகிறது. இரண்டு மூன்று ஒடுங்கிய கடைகள் சேர்ந்து ஒரு கண்ணாடிக் கட்டடமாகின்றன.

சட்டம் தடுக்காதா? பெரும்பாலும் இல்லை. தொல்பொருள் சட்டத்தில் பழைய நினைவுச்சின்னத்துக்கான எல்லை 1815 மார்ச் 2. அதற்கு முந்திய, இந்த ஊரின் பிரெட்ரிக் கோட்டைக்கு இயல்பாகவே பாதுகாப்புண்டு. பிந்திய கட்டடம் நூறு வயதைத் தாண்டியிருந்தாலும் தனியாக அறிவிக்கப்பட வேண்டும். ஒரு பிடவைக்கடைக்காக யார் போய் அப்படிக் கேட்கிறார்கள்? கேட்க வேண்டும் என்றுதான் நான் சொல்கிறேன்.

(காட்சி: மேசையில் பழைய பில், நாட்காட்டி, துணிப்பை, மடித்த காணி உறுதி.)

கட்டடம் போய்விட்டாலும் கடதாசி மிஞ்சும். உங்கள் வீட்டு அலுமாரியில் நகைக்கடைப் பில் இருக்கலாம், கடைப் பெயர் போட்ட நாட்காட்டி இருக்கலாம். எல்லாவற்றையும்விடப் பெரியது காணி உறுதி. நொத்தாரிசு எழுதும் உறுதியில் நான்கு எல்லையும் வரும். அதனால் ஒரு கடையின் உறுதி பக்கத்துக் காணி யாருடையது என்பதையும் காட்டிக்கொடுக்கும். நகரசபையின் பழைய ஆதன வரி இடாப்பு (கட்டடங்களுக்கான வரிப் பதிவேடு), பெர்குசன் டிரெக்டரி என்ற பழைய இலங்கைத் தகவல் கையேட்டின் வியாபாரிகள் பட்டியல் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு வீதியின் ஒரு பக்கத்தைக் கடை கடையாக அடுக்கத் தொடங்கலாம்.

பிரதான வீதியில் தொடங்குங்கள். வயதானவர்களிடம் "அந்தக் காலத்தில் என்ன கடை இருந்தது" என்று பொதுவாகக் கேட்டால் ஒரு பெயரோடு நின்றுவிடுவார்கள். "கோயிலிலிருந்து சந்தைக்கு நடந்தால் இடப்பக்கம் முதலில் என்ன கடை, அதற்கு அடுத்தது என்ன?" என்று கேளுங்கள். கால் நடந்த வரிசையில் ஞாபகம் வரும். தமிழரிடம் மட்டும் கேட்டு நிறுத்திவிடாதீர்கள். அந்த வரிசையில் முஸ்லிம் வியாபாரிகளும் சிங்கள வியாபாரிகளும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தார்கள். ஒருவர் விட்ட கடையை மற்றவர் சொல்வார். சொல்வதைத் தொலைபேசியில் பதிவு செய்யுங்கள், சொன்னவர் சம்மதித்தால் திகதியோடு சேமியுங்கள். பக்கத்துச் சுவருக்குப் பூச்சு அடிக்கும் முன்னால் அதையும் ஒரு படம் எடுத்துவிடுங்கள்.