பழைய ஜன்னல் பலகையில் சுவர் பேனல்: எந்த வார்னிஷ் அடிக்கலாம்?

ஒரு நேயர் கேட்டிருக்கிறார்: "தாத்தா வீட்டை இடித்தபோது தேக்கு ஜன்னல் கதவுகளை எடுத்து வைத்தேன். பலகைகளைப் பிரித்து, ப்ளைவுட் மேல் வரிசையாக ஒட்டி, ஹாலில் மாட்ட ஒரு பேனல் செய்கிறேன். எந்த வார்னிஷ் அடிக்கலாம்?" அந்த மரத்தை விலைக்குப் போடாமல் வைத்திருந்தீர்களே, ரொம்ப சந்தோஷம்.

வார்னிஷுக்கு வருகிறேன். அதற்கு முன்னால் அந்த "ஒட்டி" என்ற விஷயத்தைப் பேசியாக வேண்டும். வழக்கமாகப் பார்ப்பவர்களுக்கு நான் என்ன சொல்வேன் என்று தெரியும். மரம் அகலவாக்கில் அசையும். அறுத்து நூறு வருஷம் ஆனாலும் அசையும். ஐப்பசி மழையில் உப்பும், சித்திரை வெயிலில் சுருங்கும். ஆறு அங்குலத் தேக்குப் பலகையில் ஒரு மில்லிமீட்டர் வரைகூட வித்தியாசம் வரலாம். நீளவாக்கில் மாற்றமே தெரியாது. முழுக்க பெவிகால் பூசி இறுக்கினால் பலகை வெடிக்கும், இல்லையென்றால் ப்ளைவுட் வளையும். நடுக்கோட்டில் மட்டும் பசை வையுங்கள். பின்பக்கத்திலிருந்து ஓரங்களில் ஸ்க்ரூ போடுகிறீர்களா? ப்ளைவுட்டில் போடும் ஓட்டையைப் பலகையின் அகலவாக்கில் கொஞ்சம் இழுத்துவிடுங்கள். பலகைக்கும் பலகைக்கும் நடுவில் ஒரு ஏடிஎம் கார்டு நுழையட்டும்.

காரைக்குடியில் பழைய சாமான் கடைகளுக்குப் போனால் அந்தக் காலக் கதவுகளைப் பாருங்கள். நடுப்பலகையை ஒட்டியிருக்க மாட்டார்கள். சட்டத்தில் காடி, அதாவது நீளமான பள்ளம், எடுத்துச் சொருகியிருப்பார்கள். கோடையில் பார்த்தால் காடியின் ஓரத்தில் பெயின்ட் படாத மரம் நூல் மாதிரி தெரியும். பலகை உள்வாங்கிய அளவு அது. அந்த ஆசாரிகளுக்குத் தெரிந்த விஷயம்தான் இது: அகலவாக்கில் அசையும், வழிவிட வேண்டும்.

அப்புறம், பழைய பெயின்ட். வீட்டு பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. தாத்தா வீட்டு ஜன்னலில் ஈயம் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஈயத் தூசி உடம்புக்கு ஆகாது, அதனால் காய்ந்த நிலையில் உப்புத்தாள் போடாதீர்கள். நனைத்துச் சுரண்டுங்கள், என்95 மாஸ்க் கட்டாயம், குழந்தைகள் பக்கத்தில் வேண்டாம். மரம் சீவும் இழைப்புளியை வைக்கும் முன் ஒரு காந்தத்தை மேலே ஓட்டுங்கள். முறிந்த ஆணி உள்ளே இருந்தால் காட்டிக்கொடுக்கும்.

சரி, வார்னிஷ். ஹாலுக்குள் மாட்டுவதற்கு அது தேவையே இல்லை. ஆளி விதை எண்ணெயை மெல்லிசாக இரண்டு மூன்று தரம் தேய்த்தால் தேக்கின் ரேகை அழகாக எழும்பி வரும். ஒவ்வொரு தரமும் நன்றாகக் காயட்டும். தேய்த்த துணியை மட்டும் சுருட்டி மூலையில் போடாதீர்கள், அது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். தண்ணீரில் முக்கி, வெளியே விரித்துக் காயப்போடுங்கள்.