உங்கட பாட்டு ஒண்டு பாடுங்கோ

(கிளிநொச்சிப் பக்கத்தில் ஒரு வாசிகசாலையின் மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம்.

தலைவர் அறிமுகம் செய்யும்போது என்னை 'இசை ஆர்வலர்' என்றார். மரியாதைக்குச் சொன்னது, ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் எனக்கு ஒரு கிற்றாரைச் சுருதி சேர்க்கவும் தெரியாது. நான் ஒரு ரசிகன். பெரிய நட்சத்திரங்களின் ரசிகன் இல்லை. பரந்தனிலும் விசுவமடுவிலும் மாங்குளத்திலும் ஒரு கீபோட், ஒரு பேஸ் கிற்றார், யாரிடமோ இரவல் வாங்கிய ட்ரம்ஸ் என்று வைத்துக்கொண்டு சொந்தமாகப் பாட்டுக் கட்டுகிற பிள்ளைகளின் ரசிகன். அவர்களில் சிலருக்கு நண்பனும்கூட. ரசிகனாக இருப்பது சுலபம், நண்பனாக இருப்பதும் சுலபம். இரண்டும் ஒரே ஆளாக இருப்பதில்தான் வில்லங்கம் வரும். அந்த வில்லங்கத்தைத்தான் இன்றைக்குக் கதைக்க வந்தேன்.

முதலில் நிலவரத்தைச் சொல்கிறேன். வன்னியில் ஓர் இசைக்குழுவுக்கு வேலை எங்கே கிடைக்கிறது? கோயில் திருவிழா, கலியாணம், சாமத்தியவீடு, விளையாட்டுக் கழகத்தின் ஆண்டு விழா. காலபோக அறுவடை முடிந்து கையில் காசு புழங்கும் மாதங்களில் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கும். கூப்பிடுகிறவர் நிர்வாக சபைக்காரர், காசு கொடுக்கிறவர் உபயகாரர். உபயகாரர் சிலவேளை ரொறன்ரோவிலோ லண்டனிலோ இருப்பார். காசோடு பாட்டுப் பட்டியலும் அங்கேயிருந்து வரும். பட்டியல் முழுக்க சினிமாப் பாட்டு. பிள்ளைகள் இரண்டு மூன்று மணித்தியாலம் பிறத்தியாருடைய பாட்டைப் பாடிவிட்டு, கேபிளைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். அவர்களே எழுதி மெட்டமைத்த பாட்டு கொப்பிக்குள் கிடக்கும். சினிமாப் பாட்டோடு எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை, நானும் கேட்கிறவன்தான். ஆனால் அதைக் கேட்க எனக்கு ரேடியோ போதும், இந்தப் பிள்ளைகள் தேவையில்லை.

இதிலே ரசிகன் என்ன செய்யலாம்? நம்முடைய மேடைகளில் துண்டு எழுதி அனுப்பும் வழக்கம் இருக்கிறது, தெரியும்தானே. இன்ன பாட்டை இன்னாருக்காகப் பாடுங்கள் என்று ஒரு சின்னக் கடதாசியில் எழுதி ஆள் மாறி ஆள் கைமாற்றி மேடைக்கு அனுப்புவோம். அந்தத் துண்டில் "உங்கட பாட்டு ஒண்டு பாடுங்கோ" என்று எழுதிப் பாருங்கள். அறிவிப்பாளர் வாசித்துவிட்டு நிர்வாக சபையைப் பார்ப்பார். தலைவர் தலையைச் சொறிவார். ஆனால் சனம் கேட்டதை வேண்டாம் என்று சொல்ல எந்தத் தலைவருக்கும் மனம் வராது. இரண்டு துண்டு போனால் ஒரு பாட்டு நடக்கும். இருபது துண்டு போனால் அடுத்த வருடப் பட்டியலில் அது தானாக ஏறும். சுயாதீன இசைக்குழுவுக்கு இலட்சம் ரசிகர் வேண்டியதில்லை. பாட்டைப் பெயர் சொல்லிக் கேட்கவும், பாடும்போது கூடச் சேர்ந்து பாடவும் ஒரு முப்பது பேர் இருந்தால் அந்தக் குழு நிமிர்ந்துவிடும்.

இது ஏதோ வெளிநாட்டில் இருந்து வந்த புதுப் பழக்கம் என்று நினைக்க வேண்டாம். இந்த மண்ணின் காத்தவராயன் கூத்தையும் முல்லைத்தீவுப் பக்கத்துக் கோவலன் கூத்தையும் எந்தக் கம்பனி நடத்தியது? அண்ணாவியார் பழக்கினார், ஊர் காசு சேர்த்தது, விடிய விடிய இருந்து பார்த்தது. பாடுகிறவருக்கு வரி மறந்தால் முன்னுக்கு இருக்கிற கிழவி எடுத்துக்கொடுப்பா. அந்தக் கிழவியை விடப் பெரிய ரசிகையை நான் எங்கும் கேள்விப்படவில்லை.

பிறகு 1970களில் பொப் இசை வந்தது. நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் ஆடவைக்கிற பைலாத் தாளத்தில் நம்முடைய பேச்சுத் தமிழை ஏற்றிப் பாடினார்கள். பின்னால் படம் இல்லை, கதாநாயகன் இல்லை. இலங்கை வானொலி ஒலிபரப்பியது, சனம் கேட்டது, பாட்டு கடல் தாண்டியும் போனது. மனோகரன் 2018இல் சென்னையில் காலமானபோது அங்கேயும் அவருடைய பாட்டைத்தான் நினைவுபடுத்தினார்கள். அதே காலத்தில் யாழ்ப்பாணத்தில் கண்ணன், ராஜன், அருணா என்று இசைக் கோஷ்டிகள். இன்றைக்கு எந்தக் கோஷ்டி என்று கேட்டுவிட்டுச் சைக்கிளை எடுத்த தலைமுறை ஒன்று இருந்தது. இந்தக் கூட்டத்திலேயே அப்படிச் சிலர் இருக்கிறீர்கள், சிரிப்பதைப் பார்த்தாலே தெரிகிறது.

போர்க்காலத்திலும் வன்னியில் பாட்டு நிற்கவில்லை. பாடகர் எஸ். ஜி. சாந்தனின் குரலைக் கிளிநொச்சியோடு சேர்த்தே நினைக்கிறோம். அவர் 2017இல் மறைந்தார். அந்தக் காலத்தைப் பற்றிக் கதைக்கத் தனிக் கூட்டம் வேண்டும். இன்றைய விசயத்துக்கு ஒன்று மட்டும் சொல்கிறேன். 2009இல் போர் முடிந்த பிறகு, இடம்பெயர்ந்த சனத்தை வைத்திருந்த மெனிக் பாம் முகாமில் இருந்து ஊர் திரும்பிய பல கலைஞரிடம் வாத்தியம் என்று ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை. இப்போது இருபது வயதில் கிற்றார் வாசிக்கிற பிள்ளைக்கு, வீட்டில் ஒரு பழைய கிற்றார் கிடந்தது என்ற வசதி அநேகமாக இருந்திருக்காது. வெறுங்கையில் தொடங்கியவர்கள் என்பதை ஞாபகம் வைத்துக்கொண்டு கேளுங்கள். சுருதி விலகியது என்று முகத்தைச் சுளிக்க முதல் அதை நினையுங்கள்.

சரி, வெளியுலகத்தில் ரசிகர்களும் குழுக்களும் என்ன செய்திருக்கிறார்கள்? மரில்லியன் என்று ஓர் ஆங்கிலேயக் குழு. 1997இல் அவர்களுக்கு அமெரிக்காவுக்குப் போய்க் கச்சேரி செய்ய வசதி இல்லை. ரசிகர்களே இணையத்தில் ஒன்றுகூடி 60,000 டொலர் அளவில் சேர்த்து அவர்களைக் கூப்பிட்டார்கள். குழு கேட்டு வந்த காசு இல்லை அது. அதைப் பார்த்த குழு, 2001இல் இசைத்தொகுப்பைப் பதிவுசெய்ய முதலே ரசிகர்களிடம் விற்றது. 12,000க்கும் மேற்பட்டோர் முன்கூட்டியே காசு கட்டினார்கள். அமெரிக்காவில் கிரேட்ஃபுல் டெட் என்ற குழு, தன் கச்சேரிகளை ரசிகர் ஒலிப்பதிவு செய்ய விட்டது. 1984இல் அவர்கள் மைக் நட்டு வைக்கத் தனி இடமே ஒதுக்கிக் கொடுத்தது. நாடாக்களை ஒருவருக்கொருவர் மாற்றலாம், விற்கக் கூடாது. அந்தக் கட்டுப்பாட்டை ரசிகர்களே காவல் காத்தார்கள். வாசிங்டனில் ஃபுகாஸி என்ற குழு நுழைவுச்சீட்டை ஐந்து டொலர் மட்டில் வைத்திருந்து, வயது வேறுபாடு இல்லாமல் எல்லாரையும் உள்ளே விட்டது. பக்கத்தில் சென்னைக்கு வந்தால், 2018 ஜனவரியில் இயக்குநர் பா. ரஞ்சித்தின் முன்னெடுப்பில் தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் மேடையேறியது. 19 பேர், கானாவும் ராப்பும் ராக்கும் கலந்த இசை, சாதியை நேருக்கு நேர் கேள்வி கேட்கிற வரிகள். கானாவை மரண வீட்டுப் பாட்டு என்று ஒதுக்கியவர்களும் அதைக் கேட்க வேண்டி வந்தது. எனக்கு இந்த நாலிலும் பிடித்தது மரில்லியன் கதைதான். கச்சேரிக்குக் காசு சேர்ப்பது நமக்குத் தெரியாத வேலையா? கோயில் தேருக்குச் சேர்க்கிறோமே.

இப்போது காசைப் பற்றி. ஃபோனில் கேட்கிறோம், அதுவே உதவிதானே என்று நினைக்கிறோம். இணையத்தில் பாட்டுக் கேட்கிற ஸ்பொட்டிஃபை செயலி இலங்கைக்கு 2021இல் வந்தது. 2024இல் இருந்து அவர்களுடைய விதி, ஒரு பாட்டு கடந்த பன்னிரண்டு மாதத்தில் 1000 தடவையாவது கேட்கப்பட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தப் பாட்டுக்குப் பங்கே இல்லை. யூரியூப்பில் விளம்பரக் காசு வர 1000 சந்தாதாரரும் ஒரு வருடத்தில் 4000 மணித்தியாலப் பார்வையும் வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 50 பேர் ஆளுக்கு 20 தடவை கேட்டால் ஸ்பொட்டிஃபை கேட்கிற அந்த ஆயிரம் வந்துவிடும். வந்தாலும் கிடைக்கிற தொகையில் கிற்றார்க் கம்பி ஒரு செற் வாங்குவதே கஷ்டம். குழுக்கள் தங்கட பாட்டை நேரடியாக விற்கிற பாண்ட்கேம்ப் தளம் பரவாயில்லை, டிஜிற்றல் விற்பனையில் 15 வீதத்தையும் காசு கைமாற்றுகிற கட்டணத்தையும் எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் குழுவுக்கு விடுகிறது. இதை வெளிநாட்டில் இருக்கும் மச்சான்மாருக்குச் சொல்லுங்கள். பட்டியல் அனுப்புகிற நேரத்தில் ஒரு பாட்டை வாங்கலாம்.

உள்ளூரில் இருக்கிற நமக்கு வழி இன்னும் நேரானது. நுழைவுச்சீட்டு என்றால் வாங்குங்கள். நண்பன் என்பதற்காக ஓசியில் உள்ளே போகாதீர்கள். இங்கேதான் நான் முதலில் சொன்ன வில்லங்கம். 'நம்மட பெடியள்தானே' என்று சொல்லிக்கொண்டு கூட்டமாக உள்ளே போகிறோம். அந்த 'நம்மட' என்ற உரிமையில் ஒரு குழுவின் பாதி வருமானம் போய்விடும். ஜெனரேற்றர்க்காரர் நம்மட ஆள் என்று குறைக்கமாட்டார். சவுண்ட்ஸ்காரரும் குறைக்கமாட்டார். முன்னுக்குக் காசு கட்ட வேண்டியவன் நண்பன்தான்.

அடுத்தது விமர்சனம். கச்சேரி முடிந்து வியர்வையோடு இறங்கி வருகிற பிள்ளையிடம் "இரண்டாவது சரணம் இழுத்துப்போட்டுது" என்று அந்த நிமிடமே சொல்வது கொடுமை. சொல்லாமலே விடுவது அதைவிடப் பெரிய கொடுமை. பயிற்சி நாளில் போய் இருந்து, அவர்கள் கேட்டால் சொல்லுங்கள். பாராட்டுவதென்றால் எந்த வரி, எந்த இடம் என்று சொல்லுங்கள். "சூப்பர்" என்பதை வைத்துக்கொண்டு ஒரு பாட்டுக்காரன் என்ன செய்வான்?

பாடுகிற பெண்பிள்ளைகளைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகக் கதைக்க வேண்டும். இங்கே ஒரு பெண் மேடையேறுவதற்கு முதல் வீட்டில் எத்தனை பேரிடம் அனுமதி வாங்குகிறாள் என்று உங்களுக்குத் தெரியும். அம்மா சரி என்றால் மாமா மறிப்பார், மாமா சரி என்றால் ஊர் கதைக்கும். கச்சேரி முடிகிற நேரத்தில் பஸ் இருக்காது. மாங்குளத்தில் இருந்து ஒட்டுசுட்டான் றோட்டால் இருட்டில் எப்படிப் போவாள்? ரசிகர் கூட்டத்தில் ஓர் அக்கா, ஒரு குடும்பம் வான் பிடித்து அவளை வீட்டு வாசலில் இறக்கி, தாயிடம் "பிள்ளை வடிவாப் பாடினவ" என்று ஒரு சொல் சொல்லிவிட்டு வந்தால், அடுத்த கச்சேரிக்கு அவள் வருவாள். இல்லாவிட்டால் குழு ஒரு குரலை இழக்கும். அவளுடைய வீடியோவின் கீழே உடுப்பைப் பற்றி யாராவது எழுதினால் பதில் சொல்ல வேண்டியதும் நாங்கள்தான். அவளைச் சொல்ல வைக்கக் கூடாது. நல்ல பாடகிகள் கலியாணத்தோடு மேடையை விட்டுப் போவதைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. மாப்பிள்ளைமார் யாராவது இங்கே இருந்தால் இதைக் காதில் போட்டுக்கொள்ளுங்கள்.

ஃபோனில் பிடிப்பதைப் பற்றி ஒரு சொல். பிடியுங்கள், ஆனால் போடுவதற்கு முதல் கேளுங்கள். வெளிவராத பாட்டை நீங்கள் அரைகுறையாகப் போட்டுவிட்டால் அவர்கள் பிறகு பதிவுசெய்து வெளியிடும்போது புதுசாக இருக்காது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இந்த நாட்டில் பாட்டு எழுதியவருக்கும் பாடியவருக்கும் உரிமை கொடுத்திருக்கிறது. கிளிநொச்சிப் பெடியனுக்கும் அது பொருந்தும். போடும்போது எழுதியவர், மெட்டமைத்தவர், வாசித்தவர் எல்லாருடைய பெயரையும் போடுங்கள். ட்ரம்ஸ் அடிக்கிறவனின் பெயரை எப்போதும் மறந்துவிடுகிறோம்.

குழுக்கள் உடையும். அதற்கும் தயாராக இருங்கள். பேஸ் வாசிக்கிறவனுக்குக் கனடா விசா வரும், கீபோட்காரனுக்கு மன்னாரில் ஆசிரியர் நியமனம் கிடைக்கும். சண்டை பிடித்துப் பிரிகிறதும் உண்டு, அப்போது யாருடைய பக்கமும் சேராதீர்கள். உங்களிடம் இருக்கிற பதிவுகளைப் பத்திரமாக வையுங்கள், எந்த ஊர், எந்தத் திகதி, யார் யார் வாசித்தது என்று எழுதி வையுங்கள். நம்முடைய கோஷ்டிக் காலத்து ஒலிநாடாக்களில் எவ்வளவு அழிந்துபோயிற்று என்று இங்கே இருக்கிற பெரியவர்களைக் கேளுங்கள்.

அங்கே அடுத்துப் பாடப்போகிற தம்பியவை கேபிள் பூட்டி முடித்துவிட்டு என்னைப் பார்த்து முறைக்கிறார்கள். ஒலிபெருக்கிக்கு இரவு 10 மணி வரைதான் அனுமதி, 2007இல் உயர் நீதிமன்றம் போட்ட கட்டுப்பாடு, நான் இழுத்தால் அவர்களுடைய நேரம்தான் குறையும். பின்வரிசையில் இருக்கிறவர்கள் கதிரையைத் தூக்கிக்கொண்டு முன்னுக்கு வாருங்கள். துண்டு எழுதக் கடதாசி வாசலடி மேசையில் இருக்கிறது, பேனையும் கட்டி வைத்திருக்கிறோம். உண்டியலும் அதே மேசையில்தான்.