எழுத்து தெரிகிறதா?

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, வேறொரு விழாவை விட்டுவிட்டு முன்வரிசையில் வந்து அமர்ந்திருக்கும் பேராசிரியர் அவர்களே, ஓடியாடி உழைத்த செயலாளர் அவர்களே, கன்ட்ரோலரைக் கீழே வைக்க மனமில்லாமல் வைத்துவிட்டு வந்திருக்கும் இளைஞர்களே, அனைவருக்கும் வணக்கம். பொன்னாடைக்கு நன்றி. எனக்கு முன்னால் பேசியவர் என் தலைப்பில் பாதியைப் பேசி முடித்துவிட்டார். அதற்கும் நன்றி.

புதிதாக வெளிவரும் வீடியோ கேம்களுக்கு எழுதப்படும் விமர்சனங்களைப் பற்றி மூன்று செய்திகளோடு வந்திருக்கிறேன். ஒன்று, மதிப்பெண். இரண்டு, இன்ன தேதிவரை விமர்சனம் வெளியிடக்கூடாது என்று நிறுவனங்கள் போடும் தடை. மூன்று, எழுத்தின் அளவு. மூன்றாவதற்குச் சிலர் சிரிக்கிறீர்கள். இருங்கள், வருகிறேன்.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். விமர்சகர் அந்த ஒரு சோற்றை நசுக்கிப் பார்த்துச் சொல்பவர். ஆனால் எந்தப் பானையில் எடுத்த சோறு? 2020 டிசம்பர் 10 அன்று சைபர்பங்க் 2077 என்ற கேம் வெளிவந்தது. அதற்கு முன் விமர்சகர்களுக்குக் கிடைத்தது கணினிப் பதிப்பு மட்டும்தான். சோறு பதமாக இருந்தது, மதிப்பெண்களும் கொட்டின. சோனியின் பிளேஸ்டேஷன் 4 என்ற கேம் கருவிக்கு வாங்கியவர் இலையில் விழுந்ததோ அரிசி! ஒரே வாரத்தில் சோனி தன் இணையக் கடையிலிருந்து அதை எடுத்துவிட்டது.

மதிப்பெண் படுத்தும் பாட்டுக்கு இன்னொன்று. 2010-இல் வந்த ஃபால்அவுட்: நியூ வேகாஸை உருவாக்கிய அப்சிடியன் நிறுவனத்துக்கு, எல்லா விமர்சகர்களின் மதிப்பெண்ணையும் திரட்டுகிற மெட்டாகிரிட்டிக் இணையதளத்தில் சராசரி 85 வந்தால் போனஸ் என்று பேச்சு. வந்தது 84. ஒரு மதிப்பெண்ணில் கோட்டை விட்டவர்களுக்குத்தான் அந்த வலி புரியும்.

தடையைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் என் அக்கா கதை.

அக்காவுக்கு அறுபது வயது, துப்பறியும் கேம் என்றால் உயிர். பத்துக்கு ஒன்பது வாங்கிய ஒரு புதிய கேமை வாங்கிக் கொடுத்தேன். அரை மணி நேரத்தில் ஒரு இரும்புப் பெட்டி வந்தது. அதன் எண் சுவரில் ஒட்டிய காகிதத்தில் இருக்கிறது. எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து. “மூணு”ன்னாள் அக்கா. “எட்டு”ன்னேன் நான். மூணு போட்டோம், திறக்கவில்லை. எட்டு போட்டோம், திறக்கவில்லை. அக்கா எழுந்து போய் டிவியில் மூக்கு இடிக்க நின்றாள். மூக்குக்கண்ணாடி முழுக்க நீல வெளிச்சம். அந்த நேரம் பார்த்து அத்தான் உள்ளே வந்தார். “என்னடி, உள்ளயே குடி போகப்போறியா?” என்றார். பூதக்கண்ணாடி வந்தது. கடைசியில் மூணும் இல்லை, எட்டும் இல்லை, ஆறு! பெட்டி திறந்தது. உள்ளே ஒரு கடிதம், அதைவிடப் பொடி எழுத்தில். அக்கா கன்ட்ரோலரை என் மடியில் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

நான் அந்த விமர்சனத்தைத் திரும்ப எடுத்துப் படித்தேன். புல் அசைவதற்கு ஒரு பத்தி, மழைத்துளிக்கு ஒரு பத்தி. எழுத்தைப் பெரிதாக்க வழி உண்டா என்று ஒரு வரி இல்லை. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம், சரி. அந்தச் சோற்றை நசுக்கியவருக்கு இருபத்தைந்து வயதுக் கண்!

செய்ய முடியாத காரியமா இது? 2020-இல் வந்த தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2-இல் இப்படிப்பட்ட அணுகல் வசதிகள் 60-க்கு மேல் இருந்தன. பார்வையில்லாதவர்களும் அதை ஆடி முடித்தார்கள். ஆகவே மேடையில் இருக்கும் பத்திரிகை ஆசிரியர்களுக்கு, நான் போகும் இடமெல்லாம் வைக்கிற அதே கோரிக்கை: எந்தப் பதிப்பில் ஆடினீர்கள், எழுத்தைப் பெரிதாக்கலாமா, பொத்தான்களை மாற்றி வைத்துக்கொள்ளலாமா. மதிப்பெண்ணுக்கு மேலே இந்த மூன்றையும் போடுங்கள். கையெழுத்துத் தாள் வாசலில் இருக்கிறது.

இனி அந்தத் தடை... செயலாளர் சீட்டு அனுப்பியிருக்கிறார். ஐந்து நிமிடமா, ஒரு நிமிடமா? ஐயா, இதையும் பொடி எழுத்தில்தான் எழுதியிருக்கிறீர்கள்.