கும்பகர்ணனை எழுப்பியது யார்?

நேயர்களுக்கு வணக்கம்.

திருவாரூர்ப் பக்கத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியில் 31 வருஷம் தமிழ் சொல்லிக்கொடுத்தவன் நான். ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை படிக்கிற பிள்ளைகளுக்காகப் பேசச் சொல்லி வானொலி நிலையத்தார் கூப்பிட்டிருக்கிறார்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற நேரமாக இருந்தால், வீட்டில் இருக்கிற அப்பாயி, தாத்தாக்கள் கேட்டு வைத்துக்கொண்டு சாயங்காலம் சொல்லுங்கள். உண்மையில் இது அவர்கள் சரக்குதான்.

ஒரு கதையை முழுசாகச் சொல்லாமல், அதில் வரும் ஒரு பெயரையோ ஒரு பொருளையோ மட்டும் தொட்டுவிட்டு நகர்ந்துவிடுவது. கேட்கிறவர் மீதியைத் தானே நிரப்பிக்கொள்வது. இதைத் தொன்மக் குறிப்பு என்று சொல்வதுண்டு. ஆங்கில வகுப்பில் அல்யூஷன். பேரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். காலையிலிருந்து இதைத்தான் பேசிக்கொண்டிருக்கிறோம். அண்ணன் தம்பிக்குள் மூட்டிவிட்டால் 'சகுனி வேலை'. ஒரு விண்ணப்பம் இந்த மேசையிலும் இல்லை, அந்த மேசையிலும் இல்லை என்றால் 'திரிசங்கு சொர்க்கம்'. நகராத வரிசை 'அனுமார் வால்'. யாரும் நின்று கதை சொல்வதில்லை. எல்லாருக்கும் புரிகிறது.

புரிகிறது என்று நாம் நினைக்கிறோம். அங்கேதான் நான் ஒருமுறை வசமாக மாட்டிக்கொண்டேன்.

ஏழாம் வகுப்பில் ஒரு பையன். முதல் பாடவேளையிலேயே தூங்கி விழுவான். சம்பாப் பயிர் நிற்கிற காலம். ஒரு நாள் எனக்குக் கொஞ்சம் உற்சாகம் கூடிப்போய், அவன் பெஞ்சுக்குப் பக்கத்தில் போய் நின்று கம்பன் பாட்டை ராகத்தோடு எடுத்துவிட்டேன். 'உறங்குகின்ற கும்பகன்ன, உங்கள் மாய வாழ்வெலாம் இறங்குகின்றது இன்று காண், எழுந்திராய் எழுந்திராய்!' வகுப்பே சிரித்தது. பையனும் எழுந்து அசட்டுச் சிரிப்புச் சிரித்தான். எனக்கு ஒரே பெருமை. கம்பன் பிறந்த தேரழுந்தூர் நமக்கு எட்டிவிடுகிற தூரம்தானே, அந்த உரிமை வேறு.

மறுநாள் காலையில் அவன் அப்பாயி வந்துவிட்டார். வெற்றிலைப் பையை இடுப்பில் செருகிக்கொண்டு நேரே என் வகுப்பு வாசலுக்கு.

"வாத்தியாரே, எம்பேரன கும்பகர்ணன்னு பாடுனீங்களாம். பாடுங்க, வேணாங்கல. அந்தப் பாட்டப் பாடுனது யாரு?"

எனக்கு வாய் அடைத்துவிட்டது. பாடியவர்கள் ராவணன் அனுப்பிய கிங்கரர்கள்.

"தூங்குற தம்பிய தன் காரியத்துக்காக எழுப்பிச் சண்டைக்கு அனுப்புனவன் ராவணன். ராத்திரி ரெண்டு மணிக்கு முறைத்தண்ணி பாய்ச்ச எம்மவன் இந்தப் புள்ளைய எழுப்பிட்டுப் போயிடுறான். காலையில நீங்க எழுப்புறீங்க. ரெண்டு பேருமாச் சேந்து ராவணன் வேலைதானே பாக்குறீங்க?"

சொல்லிவிட்டுப் போய்விட்டார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. மழை பெய்யுமா என்று கேட்கிற குரலில்தான் கேட்டார். பள்ளிக்கூட வாசல் பார்க்காதவர். புரட்டாசியில் பஜனை மடத்தில் உட்கார்ந்து ராமாயணம் கேட்டதுதான் அவர் படிப்பு.

இதை நான் எத்தனையோ கூட்டத்தில் சொல்லியிருக்கிறேன்; இன்னும் அலுக்கவில்லை. நான் கும்பகர்ணனிடமிருந்து தூக்கத்தை மட்டும் கடன் வாங்கினேன். அந்த அம்மா கதையின் இன்னொரு நுனியைப் பிடித்து இழுத்தார், நான் ராவணன் பக்கம் போய் விழுந்தேன். கதையில் ஒரு இழையைத் தொட்டால் மற்ற இழைகளும் கூடவே வந்துவிடும். வேண்டாம் என்றாலும் வரும். அதே கும்பகர்ணன் கம்பனிடம், போர்க்களத்தில், விபீஷணன் வந்து கூப்பிட்டும் போக மறுக்கிறான். வளர்த்தவனுக்கு உயிரைக் கொடுக்காமல் வரமாட்டேன் என்கிறான். அந்த இழையைப் பிடித்தால் என் மாணவன் சோம்பேறி இல்லை, வீட்டுக்காகக் கண் விழித்தவன்.

ஆகவே பிள்ளைகளே, பாடத்தில் இப்படி ஒரு பெயர் வந்தால், 'இது யார்?' என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். அது அகராதி வேலை. 'அந்தக் கதையில் எந்தத் துண்டை இங்கே எடுத்திருக்கிறார்கள்? ஏன் இந்த இடத்தில்?' என்று கேளுங்கள். மொய் எழுதுகிறவரைக் கர்ணன் என்றால் கொடை. கெட்ட சிநேகிதனை விடாதவனைக் கர்ணன் என்றால் அது வேறு. பெயர் ஒன்றுதான், துண்டு வேறு. வீட்டில் சமைக்கிறவர்கள் காதில் விழாதிருந்தால் மறுபடி சொல்கிறேன்: எந்தத் துண்டு, ஏன் இங்கே.

இப்போது நம் ஊர்க்கதைக்கு வருகிறேன். திருவாரூர்க் கோயிலில் கல்லில் செய்த தேரைப் பார்த்திருப்பீர்கள். மனுநீதிச் சோழன் கதை. இளவரசன் தேரில் கன்று அடிபட்டுச் செத்தது. தாய்ப்பசு அரண்மனை மணியை அடித்தது. அரசன் தன் பிள்ளையைத் தேர்க்காலில் இட்டான். இங்கே மூன்றாம் வகுப்புப் பிள்ளையே சொல்லும்.

அந்தக் கதையைச் சிலப்பதிகாரத்தில் கண்ணகி என்ன செய்கிறாள் பாருங்கள். மதுரையில் பாண்டியன் சபை. 'நீ யார்?' என்கிறான் அரசன். ஊர்ப்பெயரைச் சொன்னால் போதும். அவளோ சொல்கிறாள்:

'வாயிற் கடைமணி நடுநா நடுங்க
ஆவின் கடைமணி உகுநீர் நெஞ்சுசுடத் தான்தன்
அரும்பெறற் புதல்வனை ஆழியின் மடித்தோன்
பெரும்பெயர்ப் புகார்என் பதியே.'

சோழன் பெயர் வந்ததா? இல்லை. கன்றுகூட வரவில்லை. மணி, பசுவின் கண்ணீர், பிள்ளை, சக்கரம். அவ்வளவுதான். மீதியைப் பாண்டியன் நிரப்ப வேண்டும். நிரப்பினால் என்ன ஆகும்? ஒரு மாட்டுக்காகத் தன் பிள்ளையையே கொன்ற அரசனின் ஊர்க்காரி நான். நீ விசாரிக்காமல் என் புருஷனைக் கொன்றாய். 'தேரா மன்னா', விசாரிக்காத அரசனே என்று அவள் கூப்பிடத்தான் செய்கிறாள்; ஆனால் இந்த ஒப்பீட்டை வாயால் சொல்லவில்லை. பாண்டியன் மனசுக்குள் தானே சொல்லிக்கொள்ள வேண்டிவருகிறது. எங்கள் தெருவில் இதற்குச் சாடை பேசுவது என்று பெயர். அடிபம்பில் நடப்பதும் இதுதான், இளங்கோவடிகள் கொஞ்சம் நன்றாகச் செய்திருக்கிறார்.

முதல் கடைமணி வாசலில் தொங்கும் மணி. இரண்டாவது கடைமணி பசுவின் கடைக்கண். ஒரே சொல்லில் மணியோசையும் கண்ணீரும். இந்த இரண்டு அடிக்கு நான் ஒரு பாடவேளை முழுக்க எடுத்துக்கொள்வேன். பாடத்திட்டம் முடியவில்லை என்று தலைமையாசிரியர் கோபித்துக்கொள்வார். அவர் கோபம் நியாயம்தான், ஆனாலும் என் கணக்கில் அது வீணான நேரமில்லை.

அயலூர்க் குறிப்பு வந்தால் பிள்ளைகள் திணறுவார்கள். ஒரு பிள்ளை வந்து கேட்டது: "ஐயா, இங்கிலீஷ் பாடத்துல ஒருத்தரோட பலவீனத்த அக்கிலீஸ் குதிகால்னு போட்டிருக்கு. குதிகால்ல என்ன பலவீனம்?" கிரேக்கக் கதை அது. ஆயுதம் தாக்காதபடி தாய் குழந்தையை ஸ்டிக்ஸ் என்ற ஆற்றில் முக்கினாள். பிடித்திருந்த குதிகாலில் மட்டும் தண்ணீர் படவில்லை. கடைசியில் அம்பு அங்கேதான் பட்டது. சொல்லி முடிப்பதற்குள், "நம்ம துரியோதனன் தொடை மாதிரியா?" என்றது அந்தப் பிள்ளை. காந்தாரியின் பார்வை படாத தொடை, பாட்டிமார் சொல்கிற பாரதத்தில் வருமே, அதேதான். இதற்குமேல் நான் விளக்க என்ன இருக்கிறது?

கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கை காட்டுகிறார்கள். புதுக்கவிதையில் இது எப்படி வருகிறது, பத்திரிகைத் தலைப்பில் எப்படி வருகிறது என்று இரண்டு தாள் எழுதி வைத்திருக்கிறேன். எல்லாம் அந்த அப்பாயியால் கெட்டது. போகட்டும்.

பிள்ளைகளுக்கு ஒரு வீட்டுப்பாடம் மட்டும். மேட்டூரை வழக்கமாகத் திறக்கிற ஜூன் 12 கடந்துபோன ஒரு வருஷம். ஆற்றில் மணல்தான். டீக்கடையில் ஒரு பெரியவர் தினசரியை மடித்து வைத்துவிட்டு, "இந்த வருஷமும் காக்காதான் வந்து தட்டிவிடணும் போலிருக்கு" என்றார். பெஞ்சில் இருந்த நாலு பேரும் சிரித்தார்கள். ஏன் சிரித்தார்கள் என்று அப்பாயியைக் கேளுங்கள். வணக்கம்.