ஸ்பானிஷில் 'போறேன்' சொல்வது எப்படி?

[திரையில்: இர் – போக]

ஸ்பானிஷ் படிக்க ஆரம்பிச்சா முதல் வாரத்திலேயே கைக்கு வர வேண்டிய வினைச்சொல் 'இர்'. ஆனா 'நான் போறேன்'னு சொல்லும்போது அந்த 'இர்' காணாமலே போயிடும். 'போய்'னு சொல்லணும். நம்ம 'போய்' மாதிரியேதான். 'பஸ்'ல வர்ற 'ப' சத்தம் மட்டும் போட்டுக்கோங்க. இது தற்செயல் ஒற்றுமைதான், அந்தச் சொல் லத்தீன்ல இருந்து வந்தது. ஆனா இனி உங்களுக்கு மறக்காது!

[திரையில்: நான் – போய். நீ – பாஸ். அவன், அவள் – பா. நாம் – பாமோஸ். அவர்கள் – பான்.]

'நீங்க எல்லாரும்'னு சொல்ல ஸ்பெயின்ல 'பாய்ஸ்'. மெக்சிகோ, கொலம்பியா பக்கம் அதுக்கும் 'பான்'தான்.

இப்ப முக்கியமான விஷயம். 'போய் ஆ கொமேர்' – சாப்பிடப் போறேன். 'போய் ஆ தோர்மிர்' – தூங்கப் போறேன். நடுவுல ஒரு 'ஆ', பின்னாடி எந்த வினை வேணும்னாலும் மாறாம அப்படியே. எதிர்கால வாய்பாட்டைத் தொடாமலே நாளைய திட்டத்தையெல்லாம் பேசிடலாம்.

தமிழ் பேசுறவங்க தடுமாறுற இடம் ஒண்ணு இருக்கு. யாராவது கூப்பிட்டா நாம "இதோ வர்றேன்"னு சொல்லுவோம். ஸ்பானிஷ்ல 'வர்றேன்'க்கு 'பெங்கோ'ன்னு ஒரு சொல் இருக்கு, ஆனா இங்க அதைச் சொல்லாதீங்க. "யா போய்"னு சொல்லணும். நீங்க நிக்கிற இடத்தை விட்டு இன்னொரு இடத்துக்கு நகர்றீங்க, அதனால 'இர்'. விடைபெறும்போதும் அப்படித்தான்: "மெ போய்". நம்ம வீட்ல 'போறேன்'னு மட்டும் சொன்னா, "போயிட்டு வர்றேன்னு சொல்லு"ன்னு பெரியவங்க திருத்துவாங்க. அங்க அந்தத் தயக்கமே வேண்டாம், தைரியமா சொல்லுங்க.

[திரையில்: போனேன் – ஃபுயி. போனாய் – ஃபுயிஸ்தே. போனான் – ஃபுவே. போனோம் – ஃபுயிமோஸ். போனார்கள் – ஃபுவேரோன்.]

இறந்தகாலத்துல ஒரு விசித்திரம். 'சேர்'னு இன்னொரு வினை, 'இருக்க'ங்கிற பொருள்ல வரும். அதுக்கும் இதே வடிவங்கள்தான், ஒரு எழுத்துகூட மாறாது. 'ஃபுயி ஆ தொலேதோ'ன்னா தொலேதோவுக்குப் போனேன். 'ஃபுயி மாயெஸ்த்ரோ'ன்னா ஆசிரியரா இருந்தேன். பின்னாடி 'ஆ'வும் ஊர்ப்பேரும் வந்தா அது போனதுதான்.

வீடியோவை நிறுத்திட்டு வாய்விட்டுச் சொல்லிப் பாருங்க: "நேத்து தொலேதோவுக்குப் போனேன், நாளைக்கு மாத்ரிதுக்குப் போகப் போறேன்."

[சற்று இடைவெளி. திரையில்: ஆயேர் ஃபுயி ஆ தொலேதோ, மன்யானா போய் ஆ இர் ஆ மாத்ரித்.]