மழைக்காக ஓடுகிறவர்கள்

கையில் ஸ்மார்ட் வாட்ச் கட்டிக்கொண்டு ஓடுகிறவர்கள் இந்த அரங்கில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். எதற்காக ஓடுகிறீர்கள்? சுகர் குறைய என்றால் அதுவும் நல்ல காரணம்தான். அமெரிக்காவின் அரிசோனாவில் வாழும் ஹோப்பி பழங்குடி மக்களைக் கேட்டால் மழைக்காக என்பார்கள்.

வானம் பார்த்த பூமி அது. தட்டையான குன்றுகளின் மேல் ஊர்கள். கீழே மணல் நிலத்தில் மக்காச்சோளம். சடங்கு நாட்களில் விடியும் நேரத்தில் ஆண்கள் கீழிருந்து குன்றேறி ஊருக்குள் ஓடி வருவார்கள். அந்த ஓட்டத்தைப் பார்த்து மேகங்களும் ஊருக்கு வரும் என்பது நம்பிக்கை. யார் முதலில் வந்தாலும் மழை எல்லோர் காட்டுக்கும்தானே!

இந்த ஊர்க்காரர்தான் லூயிஸ் டேவானிமா. பிள்ளைகளை அரசுப் பள்ளிக்கு அனுப்ப மறுத்த ஹோப்பிகளை ராணுவம் பிடித்தது. அவர்களில் இளைஞரான டேவானிமாவை 1907-ல் பென்சில்வேனியாவின் கார்லைல் பள்ளியில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். பழங்குடிப் பிள்ளைகளின் முடியை வெட்டி, தாய்மொழி பேசத் தடை போட்ட பள்ளி அது. ஆனால் அவர் கால்களில் இருந்த ஹோப்பியை மட்டும் பள்ளிக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. 1908 லண்டன் ஒலிம்பிக் மாரத்தானில் ஒன்பதாவது இடம். 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் 10,000 மீட்டரில் அமெரிக்காவுக்கு வெள்ளி. பழங்குடியினர் எல்லோருக்கும் அமெரிக்கக் குடியுரிமை கிடைத்தது 1924-ல்தான் என்பதையும் சேர்த்து யோசியுங்கள். 1912-க்குப் பிறகு 52 ஆண்டுகள் 10,000 மீட்டர் ஓட்டத்தில் எந்த அமெரிக்கரும் பதக்கம் வாங்கவில்லை. 1964-ல் டோக்கியோவில் தங்கம் வென்ற பில்லி மில்ஸும் லகோட்டா பழங்குடிக்காரர்.

சரி, டேவானிமா என்ன ஆனார்? ஊருக்குத் திரும்பினார். ஆடு மேய்த்தார், மக்காச்சோளம் விதைத்தார், சடங்குகளில் கலந்துகொண்டார். 1969-ல், முதிய வயதில், இரவில் ஒரு சடங்கு முடிந்து வீடு திரும்பும்போது குன்றிலிருந்து தவறி விழுந்து இறந்தார்.

இதெல்லாம் பழைய கதை என்று நினைக்காதீர்கள். ஹோப்பி மக்களின் பகுதியில் இருந்த ஒரு சுரங்கம், நிலத்தடி நீரை உறிஞ்சி நிலக்கரியைக் கூழாக்கி 273 மைல் குழாயில் அனுப்பிக்கொண்டிருந்தது. ஊற்றுகள் வற்றுகின்றன என்று மக்கள் ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். 2005 கடைசியில் குழாய் நின்றது. அடுத்த மார்ச்சிலேயே ஹோப்பி ஓட்டக்காரர்கள், மெக்சிகோ நகரில் நடந்த உலகத் தண்ணீர் மாநாட்டுக்குத் தொடர் ஓட்டமாகக் கிளம்பினார்கள். ஏறத்தாழ 2000 மைல், இரண்டு வாரம், கையில் தண்ணீர் நிரப்பிய சுரைக்குடுவை. மற்ற நாட்டுப் பிரதிநிதிகள் விமானத்தில் வந்து இறங்கியிருப்பார்கள்.